கிரைண்டர்காரர் உள்ளே போகாத வீடுகள்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு என் கையால் எழுதியது என்று பார்த்தால் இரண்டே அட்டைகள்: "செருப்பை வெளியே விடவும்", "இன்று கடை லீவு". எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று இப்போதும் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கணபதி ஏரியாவில், லேத் பட்டறைகள் நெருக்கமாக இருக்கும் ஒரு சந்தில், டிவி கேம் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு வாடகை வீட்டின் முன் அறை. இரண்டு டிவி, இரண்டு கேம் செட், ஒரு பெஞ்ச். பெஞ்சுக்குப் பின்னால் பூப்போட்ட திரை. திரைக்குப் பின்னால் என் குடித்தனம்: ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு, ஒரு டம்ளர். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. பேசக் கூச்சப்படுகிற ஆளுக்கு அந்தத் தொழில் தோதாக இருந்தது. வருகிறவர்கள் டிவியைப் பார்ப்பார்கள். என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கிரைண்டர்காரர் முதலில் வந்தது ஒரு மழை நாளில். மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அக்காவின் கிரைண்டரைச் சரிசெய்துவிட்டு இறங்கியவர், மழை பிடித்துக்கொள்ளவே என் கடை சன்ஷேடுக்கு அடியில் ஒதுங்கினார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் பெல்ட்டும் பேரிங்கும் போட்ட காக்கிப் பை. அந்த சன்ஷேடு அரை ஆளுக்குத்தான் காணும். முதுகில் பாதி நனைந்துகொண்டிருந்தது. கடை ஷட்டர் தூக்கியே கிடந்தது. பெஞ்ச் காலியாக இருந்தது. உள்ளே வாங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் அவர் நனைந்தார்.

கடைசியில் அக்காதான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏனுங்க கிரைண்டர்காரரே, கடைதானுங்க அது, உள்ள போய் உக்காருங்க! ஏந்தம்பி, நீயாச்சும் கூப்புட வேண்டாமா? மனுசன் தொப்பலா நனையறாரு, நீ பாத்துட்டு நிக்கறே."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. செருப்பைக் கழற்றி, காலைச் சாக்கில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அப்போது டிவியில் ஓடிக்கொண்டிருந்தது யாரும் கேட்காத ஒரு கேசட். மொத்தமாக வாங்கியபோது சேர்ந்து வந்தது. எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கும், எந்த நாட்டு எழுத்தோ. சுடுவது, உதைப்பது, கார் ஓட்டுவது எதுவும் கிடையாது. தொப்பி போட்ட ஒரு ஆள், அவனுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு ஓட்டு வீடு. மண்ணைக் கொத்தி விதை போட்டுத் தண்ணீர் விட்டால் நான்கு நாளில் முள்ளங்கி வரும். கிழக்கே போனால் காற்றாடி சுற்றும் மாவு மில், அதைத் தாண்டிச் சந்தை. வடக்கே குள்ளர்கள் வெட்டும் சுரங்கம். மேற்கே காளான்கள் மரம் மாதிரி நிற்கும் காடு, அதற்குள் ஊதா நிறப் புகை விடும் சூனியக்காரி வீடு. மலை மேல் மந்திரவாதியின் கோபுரம். அதற்குப் பின்னால், சிறகு முளைத்த பெண்கள் பறக்கும் குட்டை. படக்கதைகளில் இந்த இடங்களை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் அங்கே ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்கள். இந்த ஊரில் அதெல்லாம் இல்லை. சூனியக்காரி வாசல் கூட்டுவாள். மந்திரவாதி காலையில் துணி காயப்போடுவார்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது எந்த ஊருங்க?"

"தெரியலீங்க."

"நல்ல ஊரா இருக்குதுங்க."

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில் வர ஆரம்பித்தார். அந்த நேரத்தில் கடையில் ஆள் இருக்காது. ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. கிரைண்டர் கல்லைத் தூக்குகிற கை. பட்டனை அழுத்தினால் பட்டன் உள்ளேயே போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் மெதுவாகத்தான் அழுத்துவார்.

அந்த ஊர் எழுத்து தெரியாததால் இடங்களுக்கெல்லாம் அவரே பெயர் வைத்தார். வெள்ளைப் பாறையை வெட்டுகிறார்கள் என்பதால் குள்ளர்களின் சுரங்கம் மதுக்கரை. சந்தை ஈரோடு. சிறகு முளைத்த பெண்கள் ஏழு பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, "கன்னிமாருங்க" என்றார். அதிலிருந்து அந்தக் குட்டைக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் ஒரு காலை மற்றொரு காலால் தடவிப் பார்த்துக்கொள்வார். சாமி இடத்தில் செருப்போடு நிற்கக் கூடாதே. செருப்பு கடை வாசலில்தான் கிடக்கும். இருந்தாலும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருப்பது முக்கியமான ஒன்றைச் சொல்வதற்காகத்தான். அவர் எந்த வீட்டுக்குள்ளும் போக மாட்டார்.

அந்தக் கேமில் எந்தக் கதவின் முன்னால் நின்று பட்டனை அழுத்தினாலும் திறந்துகொள்ளும். உள்ளே போய் ஆட்களோடு பழகினால்தான் கேம் வேகமாக நகரும். இவர் கதவு வரைக்கும் போவார். நிற்பார். தொப்பிக்காரனும் நிற்பான்.

"பட்டனை அழுத்துங்கண்ணா. திறக்கும்."

"திறக்குமுங்க. ஆனா அவிய கூப்புடலீங்களே."

"கேமுங்கண்ணா அது."

"இருக்கட்டுமுங்க. ஊடு ஊடுதானுங்களே."

கடைக்குள் போவார், சுரங்கத்துக்குள் போவார். அதற்கெல்லாம் யாரும் கூப்பிட வேண்டியதில்லை. வீடு என்றால் வாசலோடு சரி. வீட்டுக்காரர் எப்போது வெளியே வருவார் என்று காத்திருப்பார். காத்திருந்து காத்திருந்து அந்த ஊர் முழுக்க யார் எந்த நேரத்தில் வெளியே வருவார்கள் என்று அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மில்காரர் மனைவி உச்சிவேளையில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட வருவாள். சூனியக்காரி வெயில் தாழ்ந்து வருவாள். வந்தால் ஒரு முள்ளங்கியைக் கொடுப்பார். வராவிட்டால் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். மறுநாள் போய், முள்ளங்கி அங்கே இல்லை என்றால் அவருக்குச் சந்தோஷம். "எடுத்துட்டாங்க" என்பார். கேமில் தரையில் போட்டது எதுவும் மறுநாள் இருக்காது. நான் அதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் பக்கத்து லேத் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டார்கள். இவர் சூனியக்காரி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, இவரு கேம் ஆடறாரா, பஸ்ஸுக்கு நிக்கறாரா?"

"பஸ்ஸா இருந்தா இந்நேரம் காந்திபுரமே போய்ச் சேந்திருக்கலாம்டா."

"உள்ள போங்கண்ணா. கெழவி என்ன, சூனியமா வெச்சுருவா?"

அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "சூனியம் வெச்சாலும் அவிய ஊட்டுலதானுங்க வெக்கறாங்க. நாம போய் ஏனுங்க கேக்கறது?"

பட்டறை ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அறையில் நான்கு பேர் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

மாடி அக்கா சொல்லி எனக்குத் தெரியும், நிஜத்திலும் அவர் அப்படித்தான். எத்தனையோ வீட்டுச் சமையலறைகளுக்குள் போய் வருகிற தொழில். ஆனால் சொல்லி அனுப்பாத வீட்டுக்குப் போகவே மாட்டார். சொல்லி அனுப்பின வீட்டிலும் வாசலில் நின்று "ஏனுங்க, கிரைண்டருங்க" என்று ஒரே ஒரு தடவைதான் குரல் கொடுப்பார். அந்தக் குரல் அவருடையதல்ல, கிரைண்டருடையது. தனக்காக வந்த இடத்தில் அந்தக் குரலும் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. காக்கிப் பை இல்லை. மத்தியானம் வரைக்கும் நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"இன்னைக்கு என்ற தங்கச்சி புள்ளைக்குக் கல்யாணமுங்க. ஈரோட்டுல."

"போகலீங்களாண்ணா? தாய்மாமன் இல்லீங்களா நீங்க?"

"பத்திரிகை தபால்ல வந்துச்சுங்க. மஞ்சளெல்லாம் தடவித்தான் இருந்துச்சு. ஆனா ஆள் வரலீங்க."

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும். தபாலில் வந்தால் வராதே என்று சொன்ன மாதிரி. தங்கை வீட்டுக்காரரோடு என்றைக்கோ வாய்த்தகராறு. எதற்கு என்று கேட்டேன். "ரெண்டு பேருக்குமே மறந்திருக்குமுங்க" என்றார். "நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்தேகூடப் போயிருப்பேன்."

இதைச் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில்தான் அது நடந்தது. கேமில் விடிந்தது. தொப்பிக்காரன் கட்டிலைவிட்டு எழுந்தான். டக் டக் என்று சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மலை மேலிருந்த மந்திரவாதி, நீளத் தாடியோடு, இவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டி பெட்டியாக எழுத்து வந்தது. என்ன எழுதியிருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

கிரைண்டர்காரர் பெஞ்சைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"நேர்ல வந்து கூப்புடறாருங்க" என்றார். "வாரேனுங்க, வாரேனுங்க" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார்.

தொப்பிக்காரனை மலை மேல் ஏற்றினார். கையில் மூன்று முள்ளங்கி. கோபுரத்து வாசலில் பழக்கத்தில் நின்றுவிட்டார். பிறகு பட்டனை அழுத்தினார். ஒன்றரை வருஷத்தில் அவர் நுழைந்த முதல் வீடு அது.

மந்திரவாதியின் கோபுரத்துக்குள் தங்கமும் வைரமும் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். உள்ளே ஒரு சின்ன வட்ட அறைதான். ஒரு கட்டில். ஒரு அடுப்பு. மேசை மேல் ஒரு கிண்ணம்.

அவர் தொப்பிக்காரனை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பாவமுங்க. ஒரு ஆளுக்குத்தான் பாத்திரம் வெச்சிருக்காரு" என்றார்.

அவர் என் திரையைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அந்தத் திரைக்குப் பின்னால் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் நான் எழுந்து திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். ஒன்றரை வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற மனிதர். ஒரு வேளை சாப்பிடுங்கள் என்று நான் சொன்னதில்லை. தங்கை பிள்ளையின் கல்யாணச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கம் சோறு இருக்கிறது, ரசம் இருக்கிறது. சாப்பிடலாமா அண்ணா என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் இன்னொரு டிவியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் அவர் வெறும் வயிற்றோடு போனார்.

மறுநாள் கடைவீதிக்குப் போய் இன்னொரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கினேன். பெயர் வெட்டட்டுங்களா என்று கடைக்காரர் கேட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றேன்.

பொங்கல் வந்தது. அதற்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். நோம்பிக்கு என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து நான்கைந்து நாள் சொல்லிப் பார்த்தேன். பொங்கலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே போனேன்.

"அண்ணா, பொங்கலுக்கு…" என்றேன்.

"சொல்லுங்க தம்பி."

"பொங்கலுக்குக் கடை லீவுங்க."

ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு தரையிலுமாகக் கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்த மாதிரி இருந்தது.

"ஆமாங்க, நோம்பி நாளல்லீங்களா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கலன்று நான் அட்டையை மாட்டி, ஷட்டரை இறக்கிவிட்டு, இரண்டு பேருக்குச் சமைத்தேன். சர்க்கரைப் பொங்கல், அரசாணிக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் குழம்பு. உச்சிவேளையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிரில் தெருக்குழாய்க்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார்.

கல்யாணத்தன்று உடுத்தியிருந்த அதே வெள்ளைச் சட்டை. தோளில் பெரிய பை ஒன்று, கையில் சின்னப் பை ஒன்று. என் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேமில் வாசலில் நிற்பாரே, அதே நிற்பு.

அவர் "ஏனுங்க" என்று ஒரு குரல் கொடுப்பார் என்று நான் காத்திருந்தேன். நான் ஷட்டரைத் தூக்கி வாங்க என்று சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். இடையில் ஆறேழு அடி ரோடுதான். குழாயடிக்கு இரண்டு பெண்கள் வந்து குடம் நிரப்பிக்கொண்டு போனார்கள். அவர் நகர்ந்து வழிவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றார். எங்கேயோ ரேடியோ செட் பாடிக்கொண்டிருந்தது. அவர் ரோட்டைத் தாண்டி வந்தார். இனிமேல் என் ஜன்னலுக்குத் தெரிய மாட்டார். செருப்புச் சத்தம் ஷட்டருக்கு வெளியே மூச்சு விடும் தூரத்தில் வந்து நின்றது. நான் ஷட்டர் கைப்பிடியைப் பிடித்தேன். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாடியிலிருந்து அக்கா கத்தினார். "ஏந்தம்பி, வாசல்ல யாரோ வந்து நின்னுட்டுப் போறாங்க பாரு!"

அப்போதுதான் தூக்கினேன். சந்தில் யாரும் இல்லை. வாசற்படியில் ஒரு கட்டு முள்ளங்கி, மண் போகக் கழுவி, இலையோடு வைத்திருந்தது.

நான் சந்து முனை வரைக்கும் ஓடினேன். மெயின் ரோட்டில் பஸ் ஒன்று கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதில் அவர் இருந்தாரா என்று தெரியாது. திரும்பி வந்து ஒரு தட்டில் சாப்பிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சித்திரையில் அக்காவின் கிரைண்டர் மறுபடி நின்றபோது வேறு ஒரு ஆள் வந்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் தங்கை வீட்டுக்காரரே வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து, பழசையெல்லாம் மறந்துபோடுங்க மச்சான் என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டாராம். இவர் மறுநாளே ஈரோட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே ஒரு கிரைண்டர் கடையில் சேர்ந்துவிட்டார். அக்கா விலாசத்தை ஒரு பில்லுக்குப் பின்னால் எழுதி வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"உன்கிட்டயாச்சும் சொல்லிட்டுப் போனாரா?"

"வந்தாருங்கக்கா."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

அவர் கேட்ட அழைப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு அது சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு வாசலுக்கு வந்து நின்றார். அது என் வாசல்.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது, டிவி கேம் ஆட ஆள் இல்லை. கடையை மூடிவிட்டு ஒரு மோட்டார் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறேன். அதே வீடுதான். எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரு செட்டையும் அந்தக் கேசட்டையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தக் கேசட்டுக்குள் சின்ன பேட்டரி ஒன்று உண்டு. ஆடினதெல்லாம் அழியாமல் நிற்பது அதனால்தான். போன வாரம் போட்டுப் பார்த்தேன். காற்றாடி சுற்றியது. காளான் காடு இருந்தது. கன்னிமார் ஏழு பேரும் பறந்துகொண்டிருந்தார்கள். ஆனால் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அவர் கொத்தின நிலம் கல்லும் புதருமாகக் கிடந்தது. வேலி இல்லை. முள்ளங்கி இல்லை. ஊர் அப்படியே இருந்தது, அவர் இருந்ததற்கு மட்டும் அடையாளம் இல்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கேயாவது ஒரு இடத்தில் அவர் நிற்க வேண்டும் அல்லவா?

இதைத் தபாலில் அவருக்கே அனுப்பிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. தபாலில் கூப்பிட்டால் அவர் வர மாட்டார். விலாசம் எழுதின பில் இரண்டாவது தட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தத் தட்டில் இன்னும் யாரும் சாப்பிட்டதில்லை. இன்றைக்கு நன்றாக விளக்கி வைத்தேன். வெற்றிலை பாக்கு வாங்கியாயிற்று. சந்தையில் முள்ளங்கி ஒரு கட்டு வாங்கினேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஈரோடு. வாசலில் போய் நின்று "ஏனுங்க" என்று குரல் கொடுத்து, பொங்கலுக்குக் கூப்பிட வேண்டும். சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனியாக இருக்கும்போது நன்றாகத்தான் வருகிறது.

அங்கே போய் நின்று குரல் வராவிட்டால், முள்ளங்கியைப் படியில் வைப்பேன். வைத்துவிட்டு இந்தத் தடவை திரும்ப மாட்டேன். யாராவது வெளியே வரும்வரை நிற்பேன்.

மார்கழி இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை.